சுமைக் கோடு நகர்ந்தால் நெட் டன்னேஜும் நகரும்: கப்பலின் இரண்டு சான்றிதழ்கள், அவற்றின் விதித் திருத்தங்கள்

கப்பலில் ஏறும் துறைமுக ஆய்வாளர் முதலில் கேட்கும் காகிதங்களில் சர்வதேசச் சுமைக் கோட்டுச் சான்றிதழும் சர்வதேச டன்னேஜ் சான்றிதழும் உண்டு. இரண்டும் கப்பலின் அளவைப் பற்றிப் பேசுவதால் ஒரே இனம் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் முதலாவது ஓர் அனுமதி, அதுவும் நிபந்தனைகளோடு. ஹேட்ச் (சரக்கறைத் திறப்பு) மூடிகள், காற்றுக் குழாய்கள், கதவுகள் எல்லாம் அங்கீகரித்தபடி இருக்கும்வரை இந்த ஆழம் வரைக்கும் மூழ்கலாம் என்கிறது அது. இரண்டாவது, அளந்தெடுத்த ஓர் எண். நிபந்தனைகள் துருப்பிடிக்கும், எண் துருப்பிடிக்காது. அதனால்தான் சுமைக் கோட்டுச் சான்றிதழுக்கு அதிகபட்சம் ஐந்து ஆண்டு ஆயுளும் ஆண்டுதோறும் சோதனையும் வைத்திருக்கிறார்கள். டன்னேஜ் சான்றிதழில் காலாவதித் தேதி என்ற கட்டமே கிடையாது.

ஆனால் இரண்டையும் ஓர் அளவு பிணைத்து வைத்திருக்கிறது. டன்னேஜ் சான்றிதழில் சரக்கு இடத்தைக் குறிக்கும் நெட் டன்னேஜின் கணக்கில் வரும் மூழ்கு ஆழம், சுமைக் கோடு ஒதுக்கிய கோடைக்கால ஆழமேதான். ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்துபோகும் கப்பல்கள் சிக்குவது இந்த இடத்தில்தான்.

ஃப்ரீபோர்டு எப்படி வருகிறது

இன்று நடைமுறையில் உள்ள அடிப்படை 1966ஆம் ஆண்டின் சுமைக் கோட்டு உடன்படிக்கை. 1968 ஜூலை 21 அன்று அமலுக்கு வந்தது. அதை 1988இன் நெறிமுறை மாற்றியமைத்தது. அது 2000 பிப்ரவரி 3 முதல் அமலில் உள்ளது. சர்வதேசப் பயணம் செய்யும், 24 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள புதிய கப்பல்களுக்கு இது பொருந்தும். போர்க்கப்பல்கள், மீன்பிடிக் கப்பல்கள், வணிகத்தில் ஈடுபடாத உல்லாசப் படகுகள் விலக்கு.

இங்கே நீளம் என்பது முனையிலிருந்து முனைவரை அளப்பதல்ல. வடிவ உயரத்தின் (அடியிலிருந்து தளம் வரையிலான உயரம்) 85 சதவீதத்தில் ஒரு நீர்க்கோடு வரைந்து, அதன் மொத்த நீளத்தில் 96 சதவீதத்தை எடுக்க வேண்டும். அதே நீர்க்கோட்டில் முன்தண்டின் முன்புறத்திலிருந்து சுக்கான் தண்டின் அச்சு வரையிலான தூரம் அதைவிட அதிகமாக இருந்தால் அந்தத் தூரமே நீளம். டன்னேஜ் உடன்படிக்கையும் இதே நீளத்தைத்தான் பயன்படுத்துகிறது.

அந்த நீளத்தை வைத்து அட்டவணையில் அடிப்படை ஃப்ரீபோர்டை, அதாவது நீர்மட்டத்துக்கு மேல் தளம் வரை மிஞ்ச வேண்டிய உயரத்தை, பார்க்க வேண்டும். திரவச் சரக்கை மொத்தமாக ஏற்றும் கப்பல்கள் 'ஏ' வகை, மற்றவை 'பி' வகை. 24 மீட்டரில் இரண்டுக்கும் 200 மி.மீ. 100 மீட்டரில் 'ஏ'க்கு 1,135, 'பி'க்கு 1,271. 200 மீட்டரில் 2,612க்கும் 3,264க்கும் போய்விடுகிறது. பெரிய ஹேட்ச் திறப்புகளோடு ஓடும் கப்பலுக்கு விதி கேட்கும் கூடுதல் பாதுகாப்பு, 200 மீட்டர் கப்பலில் 652 மி.மீ. என்று இதைப் படிக்கலாம். சேதமடைந்த நிலையிலும் மிதக்கும் என்று கணக்குக் காட்டினால் 'பி' வகைக் கப்பல் அந்த வித்தியாசத்தில் 60 சதவீதம் வரையும், இன்னும் கடுமையான சேத நிபந்தனையைத் தாண்டினால் முழுவதையும் திரும்பப் பெறலாம். 652இல் 60 சதவீதம் 391 மி.மீ. ஒரு சென்டிமீட்டர் மூழ்க 55 டன் ஏற்றும் கப்பலுக்கு அது ஏறக்குறைய 2,150 டன் சரக்கு. சேத நிலைப்புத் தன்மைக் கணக்குக்கு உரிமையாளர்கள் தயங்காமல் செலவு செய்வது இதனால்தான்.

அட்டவணை எண் அப்படியே நிற்பதில்லை. பருமன் கெழு (நீருக்குள் இருக்கும் உடல், அதே நீள அகல ஆழமுள்ள பெட்டியில் நிரப்பும் பங்கு) 0.68ஐத் தாண்டினால், அந்தக் கெழுவோடு 0.68ஐக் கூட்டி 1.36ஆல் வகுத்த எண்ணால் பெருக்க வேண்டும். உயரம், நீளத்தின் பதினைந்தில் ஒரு பங்கைவிட அதிகமானால் ஃப்ரீபோர்டு கூடும். மேற்கட்டுமானங்கள் இருந்தால் குறையும். தளத்தின் வளைவு எந்தப் பக்கமும் இழுக்கலாம். கடைசியில், முன்பகுதிக்குத் தேவையான குறைந்தபட்ச உயரம் தனியாகச் சரிபார்க்கப்படும். மற்ற எல்லாவற்றிலும் தேறிய கப்பல் இந்த ஒன்றில் சிக்கி ஆழத்தைக் குறைத்துக்கொள்வதும் உண்டு.

குறியின் அளவுகளையும் விதியே சொல்லிவிடுகிறது. வளையத்தின் வெளிவிட்டம் 300 மி.மீ., குறுக்குக் கோட்டின் நீளம் 450 மி.மீ., எல்லாக் கோடுகளின் அகலமும் 25 மி.மீ. குறுக்குக் கோட்டின் மேல்விளிம்பு வளையத்தின் மையம் வழியாகப் போக வேண்டும். வளையத்தின் மையத்திலிருந்து 540 மி.மீ. முன்னால் நிற்கும் செங்குத்துக் கோட்டிலிருந்து பருவக் கோடுகள் 230 மி.மீ. நீளத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அளவு எப்போதும் கோட்டின் மேல்விளிம்பு வரை. அடிவிளிம்பை வைத்துப் படிப்பவர் 25 மி.மீ. குறைவாகவே ஏற்றுவார். குறிகள் வெறும் பெயின்டாக இருக்கக் கூடாது, தகட்டில் நிரந்தரமாகப் பதிந்திருக்க வேண்டும். அவை சரியாகவும் நிரந்தரமாகவும் இருக்கின்றன என்று சர்வேயர் உறுதி செய்யும்வரை சான்றிதழைக் கப்பலிடம் தரக் கூடாது என்பதும் விதி.

நிபந்தனைகள் உடையும் இடங்கள்

கணக்கு ஒருமுறை முடிந்துவிடும். நிபந்தனைகளைத்தான் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். சான்றிதழின் ஆண்டு நிறைவு நாளுக்கு மூன்று மாதம் முன்பின்னாக அந்தச் சோதனை நடக்கும். அதற்கு ஆதாரம் கப்பலில் இருக்கும் நிபந்தனைப் பதிவேடு. எந்த ஹேட்சின் சுவர் எவ்வளவு உயரம், எந்தக் காற்றுக் குழாய் எங்கே, எந்தக் கதவின் வாசற்படி எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். ஹேட்ச் சுவர், திறந்த ஃப்ரீபோர்டு தளத்தில் குறைந்தது 600 மி.மீ., பின்புற மேற்கட்டுமானத் தளத்தில் 450. காற்றுக் குழாய் முறையே 760, 450. காற்றோட்டக் குழாய் 900, 760. மேற்கட்டுமானத்தின் கதவுப்படி 380.

ஆய்வில் திரும்பத் திரும்ப அகப்படுபவை பெரிய விஷயங்கள் அல்ல. காற்றுக் குழாய்த் தலைக்குள் இருக்கும் மிதவைப் பந்து ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியே புது பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு கரைந்திருக்கும். காற்றோட்ட மூடியின் இறக்கை நட்டு பெயின்டோடு இறுகியிருக்கும். ஹேட்ச் மூடியின் ரப்பர் கெட்டிப்பட்டு நிரந்தரமாக அமுங்கியிருக்கும். வண்டி தள்ளுவதற்காக வாசற்படியை யாரோ அறுத்திருப்பார்கள். தளத்தைத் துளைத்துப் புதுக் குழாய் போயிருக்கும், வால்வு இருக்காது. ஹேட்ச் மூடிகளைத் தண்ணீர் பீய்ச்சிச் சோதிக்கும்போது குழாய்முனையின் உள்விட்டம் குறைந்தது 12 மி.மீ., அழுத்தம் குறைந்தது 2 பார், தூரம் 1.5 மீட்டருக்குள் என்பது கப்பல்களைத் தரம் பிரித்துச் சோதிக்கும் கிளாஸ் நிறுவனங்களின் அளவுகோல். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதுபோலத் தூர நின்று பீய்ச்சினால் எந்த மூடியும் தேறிவிடும். மீயொலிச் சோதனையில் ரப்பர் எங்கே அமுங்கவில்லை என்பதும் தெரியும் என்பதால் பலர் அதையே விரும்புகிறார்கள்.

தண்ணீர் வடியும் திறப்புகளைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் கப்பலில் செய்யும் சிறு மாற்றங்கள் சுமைக் கோட்டைத் தொட்டுவிடுவது பெரும்பாலும் இங்கேதான். பக்கச் சுவர் சூழ்ந்த தளப் பகுதியில் ஏறும் கடல்நீர் உடனே வடிய வேண்டும். ஃப்ரீபோர்டு தளத்தில் சுவரின் நீளம் 20 மீட்டர் வரை இருந்தால் ஒவ்வொரு பக்கமும் தேவையான பரப்பு, நீளத்தை 0.035ஆல் பெருக்கி 0.7 கூட்டினால் வரும் சதுர மீட்டர். 18 மீட்டருக்கு 1.33. சுவரின் சராசரி உயரம் 1.2 மீட்டரைத் தாண்டினால், கூடும் ஒவ்வொரு 0.1 மீட்டருக்கும் மீட்டர் நீளத்துக்கு 0.004 சதுர மீட்டர் சேர்க்க வேண்டும். சரக்கு நழுவாமலிருக்க அந்தச் சுவரை 1.4 மீட்டராக உயர்த்தினால் தேவை 1.474 ஆகிறது. தளத்தில் முன்பின் வளைவே இல்லாத கப்பலென்றால் கணக்கிட்ட பரப்பில் பாதியை இன்னும் சேர்க்க வேண்டும். சுவரை உயர்த்தும் வெல்டர் இதை யோசிப்பதில்லை. திறப்பின் மூடி துருவில் இறுகியிருந்தாலோ, சரக்கைக் கட்டும் சங்கிலி அதன் குறுக்கே கிடந்தாலோ காகிதத்தில் உள்ள பரப்பால் பயனில்லை.

பருவமும் உப்பும்

வெப்பமண்டலக் கோடும் குளிர்காலக் கோடும் கோடைக்காலக் கோட்டிலிருந்து மேலும் கீழுமாக, கோடைக்கால மூழ்கு ஆழத்தின் 48இல் ஒரு பங்கு தள்ளி இருக்கும். 9.6 மீட்டர் மூழ்கும் கப்பலுக்கு 200 மி.மீ. நீளம் 100 மீட்டருக்குள் இருக்கும் கப்பல்களுக்கு வட அட்லாண்டிக் குளிர்காலக் கோடு இன்னும் 50 மி.மீ. கீழே. நன்னீரில் கப்பல் கூடுதலாக மூழ்குவதற்கான நன்னீர்ச் சலுகை வேறு கணக்கு: உப்புநீரில் இடம்பெயர்க்கும் எடையை, ஒரு சென்டிமீட்டர் மூழ்கத் தேவையான டன்னின் நான்கு மடங்கால் வகுத்தால் மி.மீ. கிடைக்கும். 20,000 டன், சென்டிமீட்டருக்கு 25 டன் என்றால் 200 மி.மீ. துறைமுக நீரின் அடர்த்தி, கடல்நீரின் 1.025க்குப் பதிலாக 1.010 என்றால் அதில் 25இல் 15 பங்கு, அதாவது 120 மி.மீ. கோட்டுக்கு மேல் மூழ்கியிருக்கலாம். ஹைட்ரோமீட்டரை ஒரே இடத்தில் ஒருமுறை மட்டும் இறக்கிப் பார்ப்பது போதாது. ஆற்று முகத்துவாரத்தில் மேல்நீரும் அடிநீரும் ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை, ஓதம் திரும்பினால் எல்லாமே மாறும்.

கடல் மண்டலங்கள் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ளன. வங்காள விரிகுடா டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை வெப்பமண்டலம், மற்ற மாதங்களில் கோடை மண்டலம். அதாவது அங்கே கோடை வெயில் உச்சத்தில் இருக்கும் மே மாதத்தில் ஏற்றும் சரக்கு குறைகிறது. பெயர் வெப்பத்தைச் சொன்னாலும் விதி பார்ப்பது காற்றையும் அலையையும். மண்டல எல்லையில் உள்ள துறைமுகம், கப்பல் எந்த மண்டலத்திலிருந்து வருகிறதோ, எந்த மண்டலத்துக்குப் புறப்படுகிறதோ அதைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும்.

மேலே சொன்ன கப்பல் கோடை மண்டலத்தில் சரக்கேற்றி ஐந்தாம் நாள் குளிர்கால மண்டலத்துக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கோடுகளுக்கும் இடையே 20 செ.மீ., 500 டன். வழியில் எரிபொருளும் குடிநீருமாக நாளுக்கு 40 டன் குறைந்தால் ஐந்து நாளில் 200 டன். மீதி 300 டன்னைப் புறப்படும்போதே விட்டுவிட வேண்டும். கோடைக் கோட்டுக்கு 12 செ.மீ. கீழே மிதந்துதான் கிளம்ப முடியும். எதிர்பார்த்ததைவிட வேகமாக ஓடி நாலாம் நாளே எல்லையைத் தொட்டால் கப்பல் 40 டன் அதிகச் சுமையோடு விதியை மீறியதாகும்.

டன்னேஜ்: எடை அல்ல

டன்னேஜ் என்பது கப்பலின் எடையும் அல்ல, சரக்கின் எடையும் அல்ல. 1969ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்கு முன் பல நாடுகள் 1854இல் பிறந்த மூர்சம் முறையின் வழிவந்த விதிகளைப் பின்பற்றின: நூறு கன அடி ஒரு டன். அதில் 'திறந்த' இடங்கள் கணக்கில் சேரவில்லை. எனவே மேல்தளத்துக்குக் கீழே பெரிய சரக்கு இடத்தை வைத்துக்கொண்டு, தளத்தில் ஒரு திறப்பை மட்டும் விட்டு அதைத் 'திறந்த இடம்' என்று காட்டும் வடிவமைப்பு பரவியது. டன்னேஜை வைத்து வாங்கும் கட்டணத்தைக் குறைக்க வேண்டுமென்றே நீர்புகும் ஓட்டையை விடுவது! இந்த விளையாட்டை நிறுத்தத்தான் புதிய சூத்திரம் வந்தது. 1982 ஜூலை 18 அன்று அமலுக்கு வந்து, பழைய கப்பல்களுக்குப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது.

கிராஸ் டன்னேஜ் எளிமையானது. மூடிய இடங்களின் மொத்தக் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து, அதன் பத்தடிமான மடக்கையை 0.02ஆல் பெருக்கி 0.2 கூட்டி, வரும் கெழுவால் கன அளவைப் பெருக்க வேண்டும். 20,000 கன மீட்டருக்குக் கெழு 0.286, கிராஸ் டன்னேஜ் 5,720. மடக்கை வந்ததற்குக் காரணம், பெரிய கப்பல்களுக்கும் சிறிய கப்பல்களுக்கும் பழைய எண்ணிலிருந்து பெரிய விலகல் வராமல் பார்த்துக்கொள்வது.

சிக்கல், எது மூடிய இடம் என்பதில். வானிலைக்குத் திறந்த சில இடங்களை விதி விலக்கிவிடுகிறது. ஆனால் அங்கே சரக்கையோ பொருளையோ வைத்துக்கட்ட அலமாரி போட்டாலோ, திறப்பை மூட ஏதேனும் வழி செய்தாலோ விலக்கு போய்விடும். மூட வழி இருந்தாலே போதும், மூடியிருக்க வேண்டியதில்லை. 499 என்று கவனமாக வடிவமைத்த கப்பலில் பின்தளத்து மூலையில் யாரோ ஓர் இரும்பு அலமாரியை வெல்டு செய்தால் 500ஐத் தாண்டிவிடலாம். 500 என்பது சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை) சரக்குக் கப்பல் விதிகளும் பாதுகாப்பு மேலாண்மைச் சான்றிதழும் தொடங்கும் எல்லை. இதேபோல் எண்ணெய் மாசு விதிகளில் எண்ணெய்க் கப்பலுக்கு 150, மற்றவற்றுக்கு 400. பயணத் தரவுப் பதிவுக் கருவிக்குச் சரக்குக் கப்பலில் 3,000. ஒவ்வோர் எல்லைக்கும் சற்றுக் கீழே கப்பல்கள் குவிந்திருப்பது தற்செயல் அல்ல.

நெட் டன்னேஜ் சரக்கு இடங்களின் கன அளவிலிருந்து அதே பாணிக் கெழுவோடு தொடங்குகிறது. பிறகு ஒரு பெருக்கல் வருகிறது: மூழ்கு ஆழத்தின் நான்கு மடங்கை உயரத்தின் மூன்று மடங்கால் வகுத்து, அதன் வர்க்கம். இந்த வர்க்கம் ஒன்றைத் தாண்டக் கூடாது. பயணிகளுக்கான பகுதி, 13 பேருக்குக் குறைவாக ஏற்றும் கப்பலில் பூச்சியம். இறுதி எண் கிராஸ் டன்னேஜின் 30 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. மேலே உள்ள 20,000 கன மீட்டர் கப்பலில் சரக்கு இடம் 12,000 கன மீட்டர், உயரம் 12 மீட்டர் என்று கொள்வோம்.

8 மீட்டர் மூழ்கினால் நெட் டன்னேஜ் சுமார் 2,670. ஏழானால் 2,044. ஆறுக்கு 1,502 வரும், ஆனால் 30 சதவீத அடித்தளம் 1,716இல் நிறுத்திவிடும். 9 மீட்டரில் வர்க்கம் சரியாக ஒன்றாகி 3,379ஐத் தொடும். அதற்குமேல் எவ்வளவு மூழ்கினாலும் எண் ஏறாது. இரண்டு முனைகளுக்கும் இடையில் மட்டும்தான் சுமைக் கோட்டை நகர்த்துவது நெட் டன்னேஜை நகர்த்தும். மரச் சரக்குக்கான தனிச் சுமைக் கோடு இந்தக் கணக்கில் சேராது.

மாற்றும்போது எந்த வரிசை

இந்தப் பிணைப்பை வைத்துக் கட்டணத்தை ஏற்றி இறக்கி விளையாடலாம் என்று தோன்றும். விதி அதை முன்கூட்டியே அடைத்துவிட்டது. ஆழம் கூடி நெட் டன்னேஜ் உயர்ந்தால் புதிய சான்றிதழ் தாமதமின்றி வர வேண்டும். குறைந்தால், இப்போதைய சான்றிதழின் தேதியிலிருந்து பன்னிரண்டு மாதம் ஆன பிறகுதான் புதியது கிடைக்கும். கப்பலின் கொடி, அதாவது பதிவு நாடு, மாறினாலோ மேற்கட்டுமானத்தை அகற்றுவது போன்ற பெரிய மாற்றம் நடந்தாலோ மட்டும், சில சிறப்புப் பயணிகள் கப்பல்களுக்கும், விலக்கு. 7 மீட்டரிலிருந்து 8க்குப் போன கப்பல், ஒரே பயணத்துக்குப் பிறகு திரும்ப நினைத்தாலும், மீதி மாதங்களுக்கு 2,670க்கே கட்டணம் செலுத்தும்.

ஆழத்தைக் கூட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது ஃப்ரீபோர்டு கணக்கே அல்ல; கப்பலின் கட்டமைப்பு எந்த ஆழத்துக்கு வலுவாகக் கணக்கிடப்பட்டது என்பதுதான். அது இடம் கொடுத்தால் நிலைப்புத் தன்மைக் கையேடும் சேதநிலைக் கணக்கும் சரக்கேற்றக் கணினியும் புதிய ஆழத்துக்கு அங்கீகாரம் பெற வேண்டும். பிறகு குறிகள்: பழையதைச் செதுக்கி நீக்கி, புதியதைப் பதித்து, சர்வேயர் அளந்த பின் சுமைக் கோட்டுச் சான்றிதழ். அதே தேதியில் டன்னேஜ் சான்றிதழ். கிராஸ் டன்னேஜும் மாறியிருந்தால் வேலை பெருகும்: பாதுகாப்புச் சான்றிதழ்கள், எண்ணெய் மாசுத் தடுப்புச் சான்றிதழ், குறைந்தபட்ச மாலுமிகள் ஆவணம் என அந்த எண் அச்சான ஒவ்வொரு தாளையும் மாற்ற வேண்டும். ஒன்று பழைய எண்ணோடு தங்கிவிட்டாலும் ஆய்வாளர் அதையே பிடித்து இழுப்பார்.

விதி எப்படித் திருத்தப்படுகிறது

1966 உடன்படிக்கையைத் திருத்த, உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு வெளிப்படையாக ஏற்க வேண்டியிருந்தது. 1971, 1975, 1979, 1983 ஆண்டுகளில் திருத்தங்கள் கூட்டத்தில் நிறைவேற்றப்பட்டன. ஒன்றும் அந்த வழியில் அமலுக்கு வரவில்லை. எதிர்ப்பினால் அல்ல, கடிதம் போடாததால். 1988 நெறிமுறை இதைத் திருப்பிப் போட்டது: குறித்த நாளுக்குள் போதிய நாடுகள் மறுக்காவிட்டால் ஏற்றதாகவே பொருள்.

அதன் முதல் பெரிய பலன் 2003இன் முழுத் திருத்தம். 2005 ஜனவரி 1 முதல் அமல். 1980இல் 'டெர்பிஷைர்' என்ற மொத்தச் சரக்குக் கப்பல் சூறாவளியில் 44 பேரோடு மூழ்கியது. மறுவிசாரணை, முன்பகுதியின் காற்றோட்ட, காற்றுக் குழாய்கள் வழியே நீர் புகுந்ததையும், பிறகு ஹேட்ச் மூடி உடைந்ததையும் சுட்டியது. அந்தப் பாடம் முன்பக்க ஹேட்ச் மூடிகளின் வடிவமைப்புச் சுமையிலும் முன்பகுதி மிதப்பு இருப்பிலும் இறங்கியது. அதன் பிறகு வந்தவை சிறியவை, ஆனால் நேரடியானவை: 2014 ஜனவரி 1 முதல் ஆப்பிரிக்காவின் தென்முனையருகே குளிர்கால மண்டல எல்லை 50 மைல் தெற்கே தள்ளப்பட்டது. கட்டமைப்பைத் தொடும் திருத்தங்கள் பெரும்பாலும் புதிய கப்பல்களுக்கு மட்டும். மண்டலத் திருத்தம் அன்றைக்கே எல்லாக் கப்பலுக்கும் பொருந்தும். சரக்கேற்ற மென்பொருளில் பழைய எல்லை தங்கியிருந்தால் இனாமாகச் சரக்கை விட்டுவருகிறோம், அல்லது வேறொரு எல்லையில் அதிகமாக ஏற்றிவிடுகிறோம்.

டன்னேஜ் உடன்படிக்கை இன்னும் பழைய பாதையில் இருக்கிறது. அதில் ஒரு குறுக்குவழி உண்டு: திருத்தம் அறிவிக்கப்பட்டு 24 மாதத்துக்குள் பதில் சொல்லாத நாடு ஏற்றதாகக் கொள்ளப்படும், எல்லோரும் ஏற்ற பின் 12 மாதத்தில் அமல். கொடி நாடுகளைக் கட்டாயத் தணிக்கைக்கு உட்படுத்தும் 2013 திருத்தம் இப்படித்தான் 2017 பிப்ரவரியில் வந்துசேர்ந்தது. சூத்திரம் மட்டும் 1969இல் எழுதியபடியே நிற்கிறது. இடைப்பட்ட சந்தேகங்களையெல்லாம் ஐ.எம்.ஓ.வின் (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) சுற்றறிக்கை விளக்கங்களால்தான் தீர்க்கிறார்கள். கப்பலை அளப்பவர் கையில் உடன்படிக்கையைவிட அந்த விளக்கங்களே தேய்ந்து போயிருக்கும்.

துறைமுக அரசின் அதிகாரமும் இரண்டுக்கும் ஒன்றல்ல. கோட்டுக்கு மேல் மூழ்கியிருந்தாலோ நிபந்தனைகள் கெட்டிருந்தாலோ கப்பலைப் புறப்பட விடாமல் நிறுத்தலாம். டன்னேஜில் செய்யக்கூடியது, சான்றிதழ் இருக்கிறதா, கப்பலின் முக்கிய அளவுகள் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது மட்டும். எண் கூட வேண்டிய அளவுக்கு வேறுபாடு தெரிந்தால் கொடி நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்காகக் கப்பலைத் தாமதப்படுத்தக் கூடாது. அப்படி ஒரு கடிதம் போன பிறகு கொடி நாடு மறு அளவுக்கு ஆளை அனுப்பும்போது, அந்த அலமாரியை அறுத்தெடுத்துவிட்டு நிற்பது பயன் தருவதில்லை. வெல்டு தழும்பு தகட்டிலேயே இருக்கும், விலக்கு எப்போது போனது என்பதற்கு அதுவே சாட்சி.